பேரில்லாத பதினான்கு மாதம்

இளஞ்சேரன் என்று கூப்பிட்டதும் எழுந்து போனது நீங்கள்தானே? உட்காருங்கள் தம்பி. கணினி ஓடவில்லை, காத்திருங்கள் என்றுதானே அனுப்பினார்கள்? காலையில் எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

இளஞ்சேரன். மேடையில் வைத்த பேரா? கேட்கலாம் அல்லவா, வயதானவள்தானே. வீட்டில் வைத்தால் தாத்தா பேர் வைப்பார்கள், குலசாமி பேர் வைப்பார்கள். அந்தக் காலத்தில் இளஞ்சேரன் என்றால் அது மைக் முன்னால் வைத்த பேராகத்தான் இருக்கும்.

அப்படியா. பொங்கல் கூட்டமா. அறுபத்து மூன்றிலா. தேரடித் திடலிலா?

சற்று இருங்கள் தம்பி. தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு மேடை ஓரம் பிள்ளைகளோடு ஒரு வரிசை நின்றது. ஏழு பிள்ளைகள். என் மகள் எட்டாவது. அந்த ஏழில் ஒன்று நீங்கள். உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. எந்தப் பிள்ளை நீங்கள் என்பதுதான் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தன.

என் கையில் ஒரு தாள் இருக்கிறது, பார்த்தீர்களா? என் மகளின் பிறப்புச் சான்றிதழ். இப்போதுதான் கொடுத்தார்கள். இதில் அவள் பேர் இருக்கிறது. அது என்ன பேர் என்று எனக்குத் தெரியாது.

அப்படிப் பார்க்காதீர்கள். பெற்றவள் நான்தான். புத்தியும் தெளிவாகத்தான் இருக்கிறது. ஐம்பத்தொன்பதில் பி.ஏ. முடித்தவள். வரலாறு. எங்கள் வகுப்பில் பெண்கள் மூன்று பேர்தான்.

இன்றைக்கு நான் வந்ததே அவளுக்குப் பேர் சேர்க்கத்தான். மாசியில் அவர் போய்விட்டார், என் வீட்டுக்காரர். அவர் போன பிறகு ஒரு எண்ணம். இந்த ஊர்ப் பதிவேட்டில் என் மகளுக்கு நேரே ஓர் இடம் அறுபது வருடமாக வெறுமையாகக் கிடக்கிறது, நான் கண் மூடுவதற்குள் அதை நிரப்பிவிட வேண்டும் என்று. இறந்த பிள்ளைக்கு இப்போது எதற்கு என்று கேட்பார்களோ என்று பயந்துகொண்டேதான் வந்தேன். அந்த எழுத்தர் பெண், நல்ல பெண், பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, “பாட்டி, பேருதான் ஏற்கெனவே இருக்கே” என்றாள்.

“இருக்காது, நன்றாகப் பார்” என்றேன்.

“இருக்கு பாட்டி. அறுபத்து மூணு ஜனவரி இருபத்தொண்ணுல வந்து சேத்திருக்காங்க. தகப்பனார் கையெழுத்து இருக்கு. கோதண்டம்.”

வாசித்துவிடாதே என்று சொல்லிவிட்டேன். மடித்துக் கொடு என்றேன். கொடுத்துவிட்டாள். அதிலிருந்து இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடி பையில் இருக்கிறது. எடுக்கவில்லை.

உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே?

அவர் தையற்காரர் தம்பி. கடைத்தெருவில் கடை. பெற்றவர்கள் வைத்த பேர் கோதண்டம். கட்சிக்கு வந்ததும் வில்லவன் என்று மாற்றிக்கொண்டார். நான் சரஸ்வதி. சொல்லரசி என்று மாற்றிக்கொண்டேன். எங்களுக்கு ஐயர் இல்லாத கல்யாணம், தாலி இல்லாத கல்யாணம். பி.ஏ. படித்த பெண் ஒரு தையற்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரே சிரித்தது. மேடையில் அவர் பேசிக் கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். நானும் பேசுவேன். அவர் பேசினால் கைதட்டுவார்கள், நான் பேசினால் அமைதியாகிவிடுவார்கள்.

என்ன பேசினோம் என்கிறீர்களா? நாடுதான். வேறென்ன. திராவிட நாடு. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், நாலு மொழிக்காரரும் சேர்ந்த தனி நாடு. அடைந்தால் அது, இல்லாவிட்டால் சுடுகாடு என்று சுவரெல்லாம் எழுதியிருக்கும். நான் சுவரில் எழுதியதில்லை. ஆனால் எல்லை எங்கே, துறைமுகம் எவை, எந்த ஆறு யாருக்கு என்று புள்ளிவிவரத்தோடு பேசுவேன். அமெரிக்காவில் தெற்கு ஏன் பிரியப் பார்த்தது, அயர்லாந்து எப்படிப் பிரிந்தது, பர்மாவில் கரேன் மக்கள் என்ன கேட்கிறார்கள், எல்லாம் சொல்வேன்.

என் மாமியாருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மாவு அரைத்துக்கொண்டே கேட்பார், “ஏன் சரசு, உன் நாட்டுக்கு மலையாளத்துக்காரன் சம்மதிச்சுட்டானா?”

“சம்மதிப்பார்கள் அத்தை. விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.”

“கன்னடத்துக்காரன்?”

“அவர்களும்தான்.”

“அதெல்லாம் தூரத்துல இருக்கறவங்க, போகட்டும். நான் தெலுங்குக்காரி. இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கேன். எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே?”

என் வீட்டுக்காரர் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை அப்போது.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் மகள் பிறந்தாள். பிறந்த அன்றைக்கே மாமியார், பதினோராம் நாள் தொட்டில் போட்டுப் பேர் வைத்துவிடலாம், ஊரார் வாயை மூடலாம் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டோம். உங்களுக்குத்தான் தெரியுமே, அப்போது வழக்கம் அது. ஊருக்குக் கட்சித் தலைவர் வரும்வரை பிள்ளைக்குப் பேர் வைக்காமல் காத்திருப்பார்கள். ஒரு மாதம், மூன்று மாதம். உங்கள் அம்மா எத்தனை மாதம் காத்திருந்தார்? ஐந்து மாதமா. பார்த்தீர்களா.

எங்கள் வீட்டில் அவர்தான் பிடிவாதம். அவருக்குத்தான் மாநாட்டில் பேர் வைக்க வேண்டும் என்று ஆசை. நானும் ஒரு நிபந்தனை சொன்னேன், அவ்வளவுதான். தனிநாடு வேண்டும் என்று தீர்மானம் போடுகிற மேடையில் வைக்க வேண்டும், மற்ற மேடையில் வேண்டாம் என்று. ஒரு பிள்ளைக்குப் பேர் வைப்பதென்றால் அது எந்த நாட்டுப் பிள்ளை என்றும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? இது பிடிவாதமா? நீங்களே சொல்லுங்கள்.

அக்டோபரில் மாநாடு என்றார்கள். அவர் கறுப்பும் சிவப்பும் சேர்த்து ஒரு கவுன் தைத்தார். இவ்வளவு சின்னது, என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். அதற்குள் சீனாக்காரன் எல்லையில் புகுந்துவிட்டான். மாநாடு நின்றது. நாட்டுக்கு ஆபத்து, இப்போது பிரிவினை பேசக் கூடாது என்று மேலிருந்து செய்தி வந்தது. எந்த நாட்டுக்கு ஆபத்து என்று நான் அவரிடம் கேட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கவுன் சிறுத்துப்போய்விட்டது. இன்னொன்று தைத்தார்.

பிறகுதான் அந்தப் பொங்கல் கூட்டம். உங்கள் கூட்டம்.

வந்தவர் பெரிய பேச்சாளர். பேர் வேண்டாம், அவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கே திடல் நிறைந்துவிட்டது. பிள்ளைக்காரர்கள் எல்லாம் மேடை ஓரம் வரிசையில் நிற்க வேண்டும், பேச்சு முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தால் பேர் வைப்பார் என்று ஏற்பாடு. நாங்கள் கடைசியில் நின்றோம். அவள் புதுக் கவுனில். என் வீட்டுக்காரர் அவளுக்குத் தலை வாரிவிட்டிருந்தார். ஐந்து மாதப் பிள்ளைக்குத் தலையில் என்ன இருக்கிறது வாருவதற்கு? ஆனாலும் வாரிவிட்டிருந்தார்.

பேச்சு ஒன்றரை மணி நேரம். இமயத்தைப் பற்றிப் பேசினார் தம்பி. எல்லையில் பனியில் நிற்கிற நம் வீரர்களைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சு, அழுதவர்கள்கூட உண்டு. நான் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவே இல்லை. தப்பித் தவறிக்கூட.

ஒவ்வொரு பிள்ளையாக மேலே போயிற்று. பேர் சொல்லும்போதெல்லாம் கைதட்டல். நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள். ஏழாவது பிள்ளையை இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் எங்கள் மகளைத் தூக்கிவிட்டார். மேலேயிருந்து ஒருவர் கை நீட்டினார். அந்தக் கைக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். நான் பிடித்து இழுத்துவிட்டேன்.

“என்ன இது அரசி?” என்றார்.

“நம் நாட்டின் பேரைச் சொல்லாத மேடையில் என் மகளுக்குப் பேர் வேண்டாம்.”

“எல்லாரும் பாக்கறாங்க. பேருதானே, குழந்தைக்கு ஒரு பேரு இருந்துட்டுப் போகட்டுமே.”

“நீங்கள் வேண்டுமானால் கொள்கையை விடுங்கள். நான் விட மாட்டேன்.”

கொள்கையை விடுங்கள் என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். ஊர் கேட்கச் சொன்னேன். மேலே நின்றவர் கையை மடக்கிக்கொண்டார். அடுத்தது நன்றியுரை. நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளையை அவர்தான் தூக்கி வந்தார்.

அது பதினாறாம் தேதி. காணும் பொங்கல். இந்தத் தாளில் இருப்பது இருபத்தொன்றாம் தேதி.

அந்த வாரத்தில் ஒரு நாள், ஜாக்கெட் துணி எடுத்துவரப் போகிறேன் என்று சட்டை மாற்றிக்கொண்டு காலையில் போனார். துணி இல்லாமல் வந்தார். கடை பூட்டியிருந்தது என்றார். நானும் விட்டுவிட்டேன். இதைப் போய் அறுபது வருடம் கழித்து நினைத்துப் பார்க்கிறேன்.

அதன் பிறகு பேர் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. மாமியார் குட்டி என்பார். நான் பாப்பா என்பேன். மத்தியான வேளையில் அவர் பிள்ளையைக் கடைக்குத் தூக்கிப் போய்விடுவார். எனக்கு மாதர் மன்ற வேலை, கட்டுரை எழுதுகிற வேலை. அவர் மெஷின் மிதிக்க, அவள் துணிக் குவியலில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வயது ஆனபோது எனக்கு ஒரு பயம் வந்தது. நான் பாப்பா பாப்பா என்று கூப்பிடுகிறேன், திரும்பவே மாட்டேன் என்கிறாள். காதில் ஏதாவது கோளாறோ என்று அவரிடம் சொன்னேன். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். தலையைக் குனிந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். “கேக்குது அரசி. அவளுக்கு நல்லா கேக்குது” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தெரியும்” என்றார்.

அந்த வருடம்தான் சட்டம் வந்தது. பிரிவினை கேட்கிறவர்கள் இனிமேல் தேர்தலில் நிற்க முடியாது என்று. கட்சி என்ன செய்யும், என்ன செய்யும் என்று எல்லாருக்கும் அதே பேச்சு. மாநாடு கூடும், மறுத்து நிற்பார்கள், சிறைக்குப் போவார்கள் என்று நான் நம்பினேன். அந்த மேடையில் அவளுக்குப் பேர் வைக்கலாம் என்றேன். அவர் மூன்றாவது கவுன் தைத்தார். சொன்னதும் தைத்தார். ஓரம் மடித்து, வளர்ந்தால் பிரித்துவிடலாம் என்று நாலு விரல் துணி உள்ளே விட்டுத் தைத்தார்.

ஐப்பசியில் மழை. அவளுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் பால் இறங்கவில்லை. தொண்டை அடைப்பான். தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீட்டு எழுத உட்கார்ந்து, “குழந்தை பேரு?” என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் நான், “பேர் இன்னும் வைக்கவில்லை” என்றேன்.

“எத்தனை மாசம்?”

“பதினான்கு.”

“பதினாலு மாசத்துப் பிள்ளைக்குப் பேரு இல்லையா? எந்த ஊரும்மா நீங்க?”

நான் விளக்கிச் சொல்லத் தொடங்கினேன் தம்பி. அந்த நர்ஸிடம், அந்த நேரத்தில். எங்கள் கொள்கை என்ன, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அமுக்கினார். பேசாதே என்று. அந்தச் சீட்டில் பெண் குழந்தை என்று மட்டும் எழுதினார்கள். விடியும்போது முடிந்துவிட்டது.

ஆற்றங்கரையில் அடக்கம் செய்தோம். எங்களுக்குச் சடங்கு கிடையாது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகலாம் என்று மேடையில் பேசியவள், நானும் போனேன். மூன்றாவது கவுனைத்தான் போட்டிருந்தோம். குழியில் வைத்ததும் அவர் இறங்கிக் குனிந்தார். அவள் காதோரம் வாயை வைத்து ஏதோ சொன்னார். மூன்று முறை. எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். உள்ளே பழைய கோதண்டம் அப்படியே இருக்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மனிதரிடம், கால் கழுவி முடிப்பதற்குள் கேட்டேன். “யாருக்கும் தெரியாமல் மந்திரம் சொன்னீர்களா?”

“இல்ல அரசி.”

“பின்னே என்ன சொன்னீர்கள்?”

“ஒண்ணும் இல்ல.”

நான் நம்பவில்லை. அவர் சாகும்வரை நம்பவில்லை. கோபம் வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். நீங்கள்தான் பிள்ளை காதில் மந்திரம் ஓதியவர் ஆயிற்றே என்று. அந்த முதல் நாளுக்குப் பிறகு அவர் மறுத்துச் சொன்னதில்லை.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். கட்சி கோரிக்கையைக் கைவிட்டது. கைவிடுகிறோம், ஆனால் கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார்கள். பத்திரிகையை அவர் மெஷின் மேல் விரித்து வைத்திருந்தார். நான் படித்தேன். எழுத்தெல்லாம் எழுத்தாகத் தெரிந்தது, பொருள் மட்டும் ஏறவில்லை. மாமியார் எட்டிப் பார்த்து, “என்னவாம்?” என்றார். அவர் சொன்னார், “நாடு வேண்டாமாம் அம்மா.” வாய் ஓயாமல் என்னைக் கிண்டல் செய்தவர், அன்றைக்கு என்னைப் பிடித்து உட்காரவைத்தார். என் தலையில் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிவிட்டார்.

பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் வேண்டாம் என்றுவிட்டேன். அவர் கட்சியிலேயே இருந்தார். அறுபத்தேழில் ஜெயித்தபோது தெருவில் ஆடினார். எப்படி உங்களால் ஆட முடிகிறது என்று கேட்டேன். அவர் சுலபமாக மாறிக்கொள்கிறவர், நான் அப்படி இல்லை, இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். எழுபத்தொன்றில் வங்க தேசம் பிறந்தபோது வானொலி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவர்களுக்குக் கிடைத்ததே என்று. அங்கே எத்தனை லட்சம் பேர் செத்தார்கள் என்று அவர் சொன்னார். அதற்கும் சண்டை போட்டேன்.

போன வருடம் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை. நாகாலாந்து, மிசோரம், பஞ்சாப், காஷ்மீர், எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதுகிறாராம். நம் இயக்கம் மட்டும்தான் ஓர் உயிர்கூடப் போகாமல் முடிந்தது, அதுதான் இதன் சிறப்பு என்றார். என் கருத்தைக் கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் படுக்கையில் கிடந்தார், கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பிள்ளை போன பிறகு என்னைக் கூப்பிட்டார். “அரசி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார். கஞ்சி அடுப்பில் இருந்தது. பிறகு சொல்லுங்கள் என்றேன். பிறகு அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அவ்வளவுதான் தம்பி. கணினி வந்துவிட்டது போலிருக்கிறது, அந்தப் பெண் உங்களைப் பார்க்கிறாள். போவதற்கு முன் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். இந்தாருங்கள். நீங்களே பிரியுங்கள். மேலே அரசு முத்திரை இருக்கும், அதற்குக் கீழே பெயர் என்று போட்டிருக்கும். அதற்கு நேரே பாருங்கள்.

என்ன போட்டிருக்கிறது?

வசந்தாவா?

வடமொழி. வடமொழிப் பேர் தம்பி அது. இவரைப் பாருங்களேன். ஊருக்கெல்லாம் தமிழ்ப் பேர் வையுங்கள் என்று மேடை மேடையாகப் பேசிவிட்டு, சொந்த மகளுக்கு… எனக்குத் தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா? ஒரு வருடம் பேசியிருக்க மாட்டேன். வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அதுதான், அதற்குத்தான் அவர்…

வசந்தா.

எனக்குக் கூப்பிட வரவில்லை தம்பி. வாய் பழகவில்லை. நீங்கள் ஒரு முறை சொல்லுங்கள். தாளைப் பார்த்துப் படிக்காதீர்கள், தாளைக் கீழே வைத்துவிடுங்கள். சோறு பிசைந்து வைத்துக்கொண்டு, தெருவில் நிற்கிற பிள்ளையை வாசலிலிருந்து கூப்பிடுவார்களே, அப்படிக் கூப்பிடுங்கள்.

யார் பார்த்தால் என்ன. இன்னும் கொஞ்சம் சத்தமாக.